மீன் முட்டைக்கு இருட்டு காட்டிய கதை

எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு ஜீப்ரா மீன் என்று முடிவானபோது, மீனை வளர்ப்பதுதான் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். சேலத்து வண்ண மீன் கடையில் வாங்கிய மீன்கள் சொன்னபடி கேட்டன. சாயங்காலம் ஆண், பெண் நடுவே தடுப்பு போட்டு, காலையில் விளக்கு போட்டதும் எடுத்தால் முட்டை. தொட்டியடியில் கோலிகுண்டு பரப்ப வேண்டும், இல்லாவிட்டால் பெற்றதே தின்றுவிடும். முட்டைக்கு 28.5 டிகிரி சூடு வேண்டும். சித்திரை மாதச் சேலத்தில் ஆற வைப்பதுதான் பாடு.

படுத்தி எடுத்தது இருட்டு.

நான் அளக்க வேண்டியது மெலடோனின், ராத்திரி ஏறிப் பகலில் இறங்கும் ஹார்மோன். அதைச் சுரக்கும், மீன் மூளையில் உள்ள பினியல் சுரப்பிக்கு வெளிச்சம் நேராகவே தெரியும், கண் பார்வை வரும்வரை காத்திருக்காது. மெலடோனின் தயாரிக்கும் ஆனாட்2 என்சைமின் மரபணு, முட்டை கருவுற்று 22 மணி நேர வாக்கிலேயே அங்கே வேலையைத் தொடங்கிவிடுகிறது. இரண்டாம் ராத்திரியிலிருந்து ஏற்ற இறக்கம் தெரியும். ஆனால் வெளிச்சமே படாமல் வளர்ந்த கருவில் அந்தத் தாளம் வராது. அதனால் ஒரு கூட்டத்துக்கு 14 மணி நேரம் வெளிச்சம், 10 மணி நேரம் இருட்டு. இன்னொன்றுக்கு முழு இருட்டு.

நாலு மணி நேரத்துக்கு ஒரு சாம்பிள். ஒரு கருவில் இருக்கும் ஹார்மோன் அளக்கப் போதாது, பலவற்றைச் சேர்த்து ஒரு ட்யூபில் உறைய வைக்க வேண்டும். ஏற்காட்டுக் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு லேபிலேயே ராத்திரிகள். "மீன் தூங்குதான்னு பாக்க நீ முழிச்சுக் கெடக்கணுமாடா?" என்று அம்மா போனில் கேட்டார். தூக்கம் வேறு, மெலடோனின் வேறு என்று அதிகாலை இரண்டு மணிக்கு யார் விளக்குவது?

ஹார்மோன் அளவை நிறத்தில் காட்டும் சோதனை எலைசா. அதன் பிளேட்டில் ராத்திரி சாம்பிள் குழிகள் வெளுத்துக் கிடந்தன. போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன். இந்த வகை எலைசாவில் ஹார்மோன் கூடினால் நிறம் குறையும் என்பதை என் கைடு மேடம்தான் நினைவுபடுத்தினார். சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. முழு இருட்டுக் கூட்டமும் அதேபோல் ராத்திரியில் வெளுத்திருந்தது.

"ரெண்டாம் நாள் தண்ணி மாத்தறப்போ எதை வெச்சுப் பாத்தே?"

"போன் டார்ச், மேடம்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுபடி முதலிலிருந்து. டப்பாவுக்கு அலுமினியத் தாள், அதன்மேல் கறுப்புப் பாலித்தீன், ஏசியின் பச்சைப் புள்ளி விளக்குக்கும் டேப். தண்ணீர் மாற்ற, மங்கலான சிவப்பு பல்ப். ஒரு ட்யூபைக் கீழே போட்டுத் தரையில் தடவித் தேடினேனே தவிர, போனைத் தொடவில்லை.

இந்தத் தடவை இருட்டுக் கூட்டத்தில் ராத்திரிக்கும் பகலுக்கும் நிற வித்தியாசமே இல்லை. மேடம் இரண்டு பிளேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். டார்ச் அடித்ததையும் தீசிஸில் சேர்க்கச் சொன்னார்.