ஓவட்டோனாவின் செங்கல் வங்கி

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகரிலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் காரில் சென்றால், சோள வயல்களைத் தாண்டி ஓவட்டோனா என்ற ஊர் வரும். அங்குள்ள பூங்காவின் எதிர்மூலையில், 1908இல் தேசிய விவசாயிகள் வங்கியாகத் திறக்கப்பட்ட கட்டடத்தைப் பார்ப்பதற்காகவே சென்ற மாதம் போயிருந்தேன்.

அந்தக் காலத்து அமெரிக்கச் சிற்றூர் வங்கிகள், வெள்ளைத் தூண்கள் வைத்த கிரேக்கக் கோயில்களைப் போலத் தோன்றவே ஆசைப்பட்டன. வங்கியின் துணைத்தலைவர் கார்ல் பென்னட்டுக்கு அதில் உடன்பாடு இல்லை. பாலும் தானியமும் விற்றுப் பணம் போட வருபவர்களுக்கு அந்தத் தூண்கள் எதற்கு என்று எண்ணிய அவர், கட்டடக் கலைஞர் லூயி சல்லிவனின் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு அவரையே அழைத்தார். சிகாகோவில் பெரும்புகழ் பெற்றிருந்த சல்லிவனுக்கு, 1895இல் கூட்டாளி ஆட்லரைப் பிரிந்த பிறகு வேலை குறைந்துகொண்டே வந்த நேரம் அது.

பக்கத்துக்கு 68 அடி என்ற அளவில், ஏறக்குறைய ஒரு கனசதுரம்தான் கட்டடம். அடிப்பகுதி செந்நிற மணற்கல். அதற்கு மேல் செங்கல் சுவர். தெருவைப் பார்த்த இரண்டு முகப்புகளிலும் 36 அடி அகலத்தில் ஆளுக்கொரு வளைவு. உச்சியில் அடுக்கடுக்காக வெளியே தள்ளி வரும் கொடுங்கை. பெரிய வடிவங்கள் இவ்வளவே என்பதால்தான், அளவில் சிறியதான இக்கட்டடம் பூங்காவின் மறுகோடியிலிருந்து பார்க்கும்போதும் கம்பீரமாக நிற்கிறது என்று நினைக்கிறேன். அருகில் போனால் வேறோர் உலகம். சொரசொரப்பான அந்தச் செங்கற்களில் ஒன்றின் நிறம் அடுத்ததில் இல்லை; துருச் சிவப்பும் பழுப்பும் கலந்து, சுவரே நெய்த துணிபோலத் தெரிகிறது. அதைச் சுற்றி நீலப்பச்சைச் சுடுமண் பட்டை ஓடுகிறது. முகப்பின் மேல்மூலைகளில் இலைகள் சுருண்டு விரியும் பெரிய பதக்கங்கள் இருக்கின்றன. புடவையின் உடலை வெறுமையாக விட்டு, வேலைப்பாட்டையெல்லாம் கரையில் சேர்க்கும் நெசவாளரின் கணக்கு இது. இந்த அலங்காரங்களில் பெரும்பாலானவற்றை வரைந்தவர் சல்லிவனின் உதவியாளர் ஜார்ஜ் எல்ம்ஸ்லி; அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

உள்ளே நுழைந்ததும் பேச்சு தானாகவே தணிந்துவிடுகிறது. லூயி மில்லெட் செய்த வண்ணக் கண்ணாடிகளின் வழியே வரும் வெயில், பச்சையும் பொன்னும் கலந்து கூடம் முழுவதும் பரவுகிறது. நான்கு வார்ப்பிரும்பு விளக்குகள் தொங்குகின்றன; ஒவ்வொன்றும் இரண்டு டன்னுக்கு மேல் எடை கொண்டது என்றாலும், இலைக்கொத்துகளாக வடிக்கப்பட்டிருப்பதால் அந்தப் பாரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. விவசாயிகள் கூடிப் பேச ஓர் அறையும் பெண்களுக்குத் தனி அறையும் திட்டத்திலேயே இருந்தன என்பது எனக்குக் கட்டடத்தின் அழகைவிட முக்கியமாகப் படுகிறது.

1926இல் வங்கி நொடித்துப்போனது, கட்டடம் கைமாறியது. 1940இல் நடந்த மாற்றங்களில் பணம் கொடுத்து வாங்கும் பழைய கவுண்டர்கள் பெயர்த்தெடுக்கப்பட்டதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. 1950களின் இறுதியில் ஹார்வெல் ஹாமில்டன் ஹாரிஸ் என்ற கட்டடக் கலைஞர் எஞ்சியதைக் கருத்தோடு சீரமைத்தார்.

கண்ணாடி வளைவுகள் தெற்கிலும் மேற்கிலும் இருக்க, அவற்றுக்கு எதிர்ச்சுவர்களில் ஆஸ்கர் கிராஸ் வரைந்த மேய்ச்சல் மாடுகளும் அறுவடைக் காட்சியும் இருக்கின்றன. நான் கிளம்பிய பிற்பகலில், மேற்கு வெயில் கண்ணாடியைக் கடந்து எதிர் ஓவியத்தின் வயலில் விழுந்திருந்தது.