தகட்டை நம்புவதற்கு எடுத்துக்கொண்ட 20 வருடம்

நான் கப்பல் கட்டும் யார்டில் பிளேட் இன்ஸ்பெக்டர். ஆலையிலிருந்து வந்து இறங்கும் ஒவ்வொரு ஸ்டீல் பிளேட்டிலும் குத்தியிருக்கும் ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வார்த்த எஃகு என்று காட்டும் எண்) மில் சர்டிபிகேட்டோடு, அதாவது ஆலை தரும் சோதனைச் சான்றிதழோடு, ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் வேலையின் பெரும்பகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடற்படைகள் மரத்தை விட்டு எஃகுக்கு வர அவ்வளவு காலம் ஏன் ஆனது என்று கேட்டால், பழசைக் கட்டிக்கொண்டு அழுத அட்மிரல்களால்தான் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

பிரிட்டனையே பாருங்கள். 1860இல் ‘வாரியர்’ கப்பல் நீரில் இறங்கியபோதே அதன் உடல் முழுக்க இரும்பு. பக்கவாட்டில் 114 மில்லிமீட்டர் இரும்புக் கவசம், அதற்குப் பின்னால் 457 மில்லிமீட்டர் தேக்கு. உருகிய இரும்பில் காற்றை ஊதி எஃகாக்கும் தன் முறையை ஆங்கிலேயர் பெசிமர் அறிவித்தது அதற்கும் முன்னால், 1856இல். ஆனால் அந்தக் கடற்படையின் முதல் முழு எஃகுக் கப்பலான ‘ஐரிஸ்’ பெம்ப்ரோக் தளத்தில் நீரில் இறங்கியது 1877இல்!

காரணம் எஃகுதான். பெசிமர் உலையில் எல்லாம் சுமார் 20 நிமிடத்தில் முடிந்துவிடும், நடுவில் நிறுத்திச் சோதிக்க நேரமே கிடையாது, அதனால் ஒரு தகடு வெண்ணெய் மாதிரி வளையும், அதே ஆலையிலிருந்து வந்த இன்னொன்று ரிவெட்டுக்கு (தகடுகளை இணைக்கும் ஆணிக்கு) துளை குத்தினால் ஓரத்தில் விரிசல் விடும். தச்சர்களுக்காவது மரத்தின் ரேகை கண்ணுக்குத் தெரிந்தது, தட்டிப் பார்த்து உளுத்ததைக் கண்டுபிடித்தார்கள். தகடு எதையும் காட்டிக்கொடுக்காது. 1875இல் கடற்படையின் கப்பல் வடிவமைப்புத் தலைவர் நத்தேனியல் பார்னபி, இந்த எஃகை எங்களால் பயமில்லாமல் பயன்படுத்த முடியவில்லையே என்று எஃகு ஆலைக்காரர்களிடம் வெளிப்படையாகவே முறையிட்டார். எனக்குப் பிடித்த மனிதர் அவர்.

பதில் வேல்ஸின் லாண்டோர் ஆலையிலிருந்து வந்தது. அங்கே பயன்படுத்திய, சீமென்ஸ் என்பவர் வடிவமைத்த திறந்த உலையில் எஃகு உருக மணிக்கணக்கில் ஆகும். அந்த நிதானம்தான் பலம், இடையில் மாதிரி எடுத்துப் பார்த்துத் திருத்தலாம். கடற்படையும் சோதனைகளைக் கறாராக வகுத்தது. சதுர அங்குலத்துக்கு 26 முதல் 30 டன் வரை இழுவிசை தாங்க வேண்டும், அறுவதற்குள் 20 சதவீதம் நீள வேண்டும். ஒரு துண்டைச் செந்நிறமாகக் காய்ச்சி, தண்ணீரில் முக்கி, பிறகு வளைத்தும் பார்ப்பார்கள். விரிசல் விடக் கூடாது.

அந்த 26 டன்னை இன்றைய கணக்குக்கு மாற்றினால் சுமார் 400 மெகாபாஸ்கல் (இழுவலிமைக்கு இன்று பயன்படும் அலகு) வருகிறது. என் மேசைக்கு வரும் கிரேடு ஏ என்ற சாதாரண கப்பல் எஃகு பிளேட்டுக்கு இன்றும் குறைந்தபட்ச இழுவலிமை அதே 400தான். முதல்முறை கணக்குப் போட்டுப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.

நம்பர் ஒத்துவராத பிளேட்டை ஹோல்டில் போட்டால், அதாவது பயன்படுத்த விடாமல் நிறுத்திவைத்தால், கட்டிங் பகுதியில் கோபம் வரும். “ஒரு பிளேட் தானே சார், அதே ஆலைதானே, விடுங்க” என்பார்கள். அவர்களுக்கு டெலிவரி நெருக்கடி, புரிகிறது. ஆனால் அதே ஆலை என்பது எதற்கும் உத்தரவாதமில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் ஒரு கடற்படை 20 வருடம் காத்திருந்தது. அப்படிச் சோதித்த தகடுகளில் கட்டிய ஐரிஸும் அதன் ஜோடி ‘மெர்க்குரி’யும் வெள்ளோட்டத்தில் 18 நாட் வேகத்தைத் தாண்டின. 1882இல் நீரில் இறங்கிய ‘கலோசஸ்’ போன்ற பெரிய போர்க்கப்பலுக்கே அதே எஃகை நம்பிக் கொடுத்துவிட்டார்கள்.