சோளக்கொல்லையில் வாளை மேய்ந்த வருஷம்

2024 ஜூலை நடுவில் மேட்டூர் அணையில் 50 அடிக்கும் கீழேதான் தண்ணீர். பண்ணவாடியில், அணைக்குள் முழுகிய பழைய கோயிலின் நந்தி முழுசாக வெளியே நின்றது, கொஞ்சம் தள்ளிப் பழைய தேவாலயக் கோபுரமும். தூண்டில் போட வருகிறவர்களை இடம் பார்த்துக் கூட்டிப் போவதுதான் என் தொழில். 2023இல் மழை ஏமாற்றியதிலிருந்து ஏறக்குறைய ஒரு வருஷமாக வேலையே இல்லை. சேற்றில் அவ்வளவு தூரம் நடந்தால்தான் தண்ணீரைத் தொடலாம் என்றால் பிள்ளைகளோடு யார் வருவார்கள்?

அப்புறம் ஜூலை 30ஆம் தேதி சாயங்காலம் 120 அடி, அணை முழுசாக நிரம்பிவிட்டது. பதினைந்து நாள்கூட ஆகவில்லை.

இத்தனைக்கும் எங்கள் ஊரில் அப்போது வெயில். குடகிலும் வயநாட்டிலும் கொட்டினால் கர்நாடகத்தில் கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகள் நிரம்பும், அங்கே திறந்து விடுவது இரண்டு மூன்று நாளில் எல்லையிலுள்ள பிலிகுண்டுலு தாண்டி ஒகேனக்கல்லில் இறங்கி எங்களிடம் வந்து சேரும். அதனால் ஆனி, ஆடியில் காலை எழுந்ததும் நான் பார்ப்பது கபினியில் எவ்வளவு திறந்திருக்கிறார்கள் என்பதைத்தான்.

அந்த வாரம் ஈரோட்டிலிருந்து ஐந்து பேர் முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். "அண்ணா, தண்ணி அமைதியாத்தானே இருக்கு, பரிசல்ல ஒரு சுத்து போயிட்டு வந்துடலாம்" என்று விடவே இல்லை. நான் எதுவும் பேசாமல் தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு எல்லோரையும் டீ குடிக்கக் கூட்டிப் போனேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் குச்சி தண்ணீருக்கு நடுவில் நிற்கிறது, அதன் உச்சியில் எறும்புகள் கொத்தாக ஏறி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவர்களே ராடுகளை எடுத்துக் காரில் வைத்துவிட்டார்கள். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், எனக்கு அதில் வருத்தமே இல்லை. வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் வந்துகொண்டிருந்த சமயம் அது.

அதே ஜூலை 30 விடியற்காலையில்தான் வயநாட்டு ஊர்களான முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் மண்ணோடு போயின. எங்களை நிரப்பியதும் அதே மலைகளில் பெய்த அதே மழைதான். கிழக்கே சரிந்தது கபினி வழியாகக் காவிரிக்கு வந்தது, அந்த ஊர்களைக் கொண்டுபோனது மேற்கே சாலியாற்றில் இறங்கியது. அணை நிரம்பினால் எங்கள் கரையில் எல்லோரும் சந்தோஷப்படுவோம், அன்றைக்கு டீக்கடை டிவி முன்னால் நின்றவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

வெள்ளம் அடங்கித் தண்ணீர் நிலைக்கு வந்த பிறகுதான் சீசன் தொடங்கியது. கலங்கல் தண்ணீரில் கட்லா, ரோகு எல்லாம் மைதா உருண்டையை மோந்துகூடப் பார்ப்பதில்லை. ஆனால் அணை வற்றியிருந்தபோது உள்ளே சோளமும் நிலக்கடலையும் போட்டிருந்தார்களே, அந்தக் கொல்லைகள் அப்படியே முழுகிவிட்டன. அறுக்காமலே போனவர்களுக்கு அது பெரிய நஷ்டம், அவர்களில் இரண்டு பேர் எனக்கு மாமன் முறை, அதை மறந்துவிட்டு இதை எழுத முடியாது. அந்தக் கொல்லைகளுக்குள்தான் மீன் மேயும். புழு, பூச்சி, நண்டு எல்லாம் வரப்பை விட்டு வெளியே வரும், கெளுத்தியும் வாளையும் பின்னாலேயே வரும்.

வற்றிய காலத்தில் நான் சும்மா இருக்கவில்லை. எந்த வரப்பு எங்கே போகிறது, இடிந்த கிணறு எந்த இடத்தில், எங்கே திடீரென்று பள்ளம் என்று தினமும் நடந்து பார்த்து வைத்திருந்தேன். அந்த நடைதான் அந்த வருஷம் எனக்குச் சோறு போட்டது. சோளத் தட்டையில் தூண்டில் முள் சிக்காமல் இருக்க ஈயத்தைக் கழற்றிவிட்டு, தக்கையை இரண்டு முழத்தில் கட்டி, மண்புழுவைக் கோத்து வரப்பின் மேலேயே விழுகிற மாதிரி போடச் சொல்வேன். சேலத்திலிருந்து அப்பாவோடு வந்த ஒரு பெண் குழந்தைக்கு, பத்து வயசு இருக்கும், மூன்று கிலோ வாளை மாட்டியது. அது தண்ணீரை விட்டு வந்தபோது நீண்ட மீசையில் ஒரு சோளத் தோகை சுற்றியிருந்தது. அந்தப் பிள்ளை மீனை விட்டுவிட்டுத் தோகையைத்தான் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனது!

ஐப்பசி வந்ததும் வேறு பயம். மதியத்துக்கு மேல் இடி இடித்தால் எல்லோரையும் ராடைக் கீழே போடச் சொல்லிவிடுவேன், இப்போது வருவதெல்லாம் கார்பன் ராடு, மின்னலுக்கு அதைவிட வாகான பொருள் கிடையாது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை ஏறி, டிசம்பர் தொடக்கத்தில் உள்ளே வந்து, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அந்தத் தண்ணீர் தென்பெண்ணைக்குப் போனது, எங்கள் பக்கம் பெய்தது தொப்பையாறு, சின்னாறு வழியாக வந்தது. அந்த மாசம் பாதிக்கு மேல் நான் யாரையும் கரைக்குக் கூட்டிப் போகவில்லை. டிசம்பர் 31 அன்று அந்த வருஷத்தில் மூன்றாவது முறையாக அணை நிரம்பியது.

நந்தி இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டால் கையால் திசையைத்தான் காட்ட முடியும். கோடையில் தண்ணீர் இறங்கட்டும், நாகமரை பக்கம் இரண்டு கிணறு இருக்கிறதாம், அவற்றை நான் இன்னும் நடந்து பார்த்ததில்லை.