மாசிக்காய் மையும் ஒரு வாய்மொழித் தேர்வும்

சேலத்தில் எம்.எஸ்சி. வேதியியல் படித்தபோது, பழைய கையெழுத்துத் தாள்களில் உள்ள இரும்பு மாசிக்காய் மையை, அதாவது மாசிக்காய்ச் சாறும் இரும்பு உப்பும் சேர்ந்த மையை, ஆய்வேட்டுத் தலைப்பாக எடுத்தேன். "சுவடி என்றால் ஓலைதானே?" என்றே பலரும் கேட்டார்கள். ஓலையில் எழுத்தாணியால் கீறிக் கரி பூசுவார்கள். கரி ஓலையை ஒன்றும் செய்யாது. இந்த மையோ எழுதிய தாளையே தின்றுவிடும். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய இசைத் தாள்களை அரித்ததும் இதுதான்.

இதே தலைப்பை எடுப்பவர்கள் முதலில் மையைக் காய்ச்சிப் பாருங்கள். செவ்வாய்ப்பேட்டை நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காய் கேட்டபோது, "குழந்தைக்கு எத்தனை மாதம்?" என்றார் கடைக்காரர். உரைமருந்துக்கு என்று நினைத்துவிட்டார். அங்கேயே அன்னபேதியும் பிசினும் வாங்கினேன். அன்னபேதி வேறொன்றுமில்லை, நம் ஆய்வகத்து ஃபெரஸ் சல்பேட். எழுதும்போது சாம்பல் நிறத்தில் வெளிறி இருந்த எழுத்து, காலையில் கன்னங்கரேலென்று நின்றது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அன்னபேதியின் இரும்பு(II)ஐ இரும்பு(III) ஆக்க, அது மாசிக்காயின் துவர்ப்புப் பொருளான டானினுடன் சேர்ந்து கருப்பாகிறது. இதைக் கண்ணால் பார்த்த பிறகு சமன்பாட்டை மனப்பாடம் செய்யும் வேலையே இல்லை.

பழைய குறிப்புகள் மூன்று பங்கு மாசிக்காய்க்கு ஒரு பங்கு அன்னபேதி என்கின்றன. நான் அவசரத்தில் சரிபாதி போட்டேன். டானினோடு சேராத இரும்பு அதில் மிஞ்சிவிட்டது. அந்தத் தவறுதான் பின்னால் கைகொடுத்தது.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் கேட்டார்: "கால்சியம் பைகார்பனேட் கரைசலில் நனைத்து அமிலத்தை நீக்கினால் தாள் பிழைக்குமா?" "பிழைக்கும் ஐயா" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

பாதி விடைதான் அது. மை உருவாகும்போது பிறக்கும் கந்தக அமிலம் தாளின் நாரான செல்லுலோஸ் சங்கிலியை நீராற்பகுத்து அறுக்கிறது. அது ஒரு வழி. மிஞ்சிய இரும்பு(II) ஆக்சிஜனேற்றத்துக்கு வினையூக்கியாக நின்று அதே சங்கிலியை வேறு இடத்தில் உடைக்கிறது. அது இன்னொரு வழி. அமிலத்தை மட்டும் நீக்கினால் இரண்டாவது தொடரும். அதனால்தான் 1990களில் நெதர்லாந்தின் பாதுகாப்பு ஆய்வாளர் யோஹான் நீவெல் கால்சியம் ஃபைட்டேட் முறையைக் கொண்டுவந்தார். ஃபைட்டேட் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், பிறகு பைகார்பனேட் அமிலத்தை ஆற்றும். ஃபைட்டிக் அமிலம் நம் அரிசித் தவிட்டிலேயே நிறைய உண்டு. இதைச் சொல்லியிருந்தால் தேர்வாளர் சிரித்திருப்பார்.

மிஞ்சிய இரும்பைக் காட்டும் பாத்தோஃபெனாந்த்ரோலின் சோதனைத் தாளைக் கட்டாயம் பழகுங்கள். லேசாக ஈரமாக்கி, ஒற்றி, எழுத்தின் மேல் அரை நிமிடம் அழுத்த வேண்டும்; இரும்பு(II) இருந்தால் ரோஜா நிறம் தெரியும். ஈரம் கூடினால் இரும்பு பக்கத்துத் தாளுக்கும் பரவும். கிழிசலை நீர் மிகுந்த கோதுமைப் பசையால் ஒட்டக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். குறைந்த நீரில் ஜெலட்டின் தடவிய மெல்லிய ஜப்பானியத் தாளே நல்லது.

தோழியின் ஏற்காட்டு வீட்டில் பழைய காபித் தோட்டக் கணக்கேடு ஒன்று இருக்கிறது. மெல்லிய கோடுகள் அப்படியே இருக்க, அழுத்தி எழுதிய கூட்டுத்தொகைகள் மட்டும் உதிர்ந்து, எண் வடிவத்திலேயே ஓட்டைகள். பனி இறங்கும் மலையில் அதைச் சன்னலோரம் வைத்திருந்தார்கள். இப்போது உள்ளறை மர அலமாரியில் வைத்திருக்கிறார்கள். நான் சரிபாதி மையில் எழுதிய தாளையும் அதன் பக்கத்தில் வைத்து வந்தேன். ஒரு மழைக்காலம் முடிந்து எடுத்தபோது, எழுத்தின் பின்புறம் பழுப்பு இறங்கியிருந்தது.