கை மாறிய செல்கள்

இன்று காலை, ஒட்டி வளர்ந்த செல்களைப் பிரித்தெடுக்க, புரதங்களை வெட்டும் டிரிப்சின் என்ற நொதியைக் குடுவையில் ஊற்றிவிட்டு நுண்ணோக்கியில் கண் வைத்தேன்.

கைகால் நீட்டிப் படுத்திருந்த மெலனோமா (தோலின் நிறமி செல்களில் வரும் புற்று) செல்கள் ஒவ்வொன்றாகச் சுருண்டு, கடுகு மாதிரி மிதக்க ஆரம்பித்தன. இரண்டே நிமிடம்தான். (மறந்துபோய் டீ குடிக்கப் போனால் செல்கள் காலி. பட்ட அனுபவம்.)

டிரிப்சினோடு கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏவும் கலந்திருக்கும். செல்லும் செல்லும் கைகோத்து நிற்க வைக்கும் கேடெரின் புரதங்களுக்குக் கால்சியம் இல்லாமல் பிடிமானம் கிடையாது. ஜப்பானின் மசதோஷி தகேய்ச்சி இவற்றைக் கண்டுபிடித்ததும் இந்த வழியில்தான். கால்சியம் உடன் இருந்தால் டிரிப்சினால் இவற்றை வெட்ட முடியவில்லை!

நம் தோலில் நிறமி செய்யும் மெலனோசைட், பக்கத்தில் இருக்கும் மேல்தோல் செல்களான கெரட்டினோசைட்டுகளை ஈ-கேடெரின் என்ற வகையால் பிடித்திருக்கும். அந்தப் பிடிதான் அதற்குக் கடிவாளம்.

மெலனோமாவில் பெரும்பாலும் ஈ-கேடெரின் குறைந்து என்-கேடெரின் என்ற இன்னொரு வகை கூடுகிறது. அடித்தோலில் இழைகளைச் செய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களிலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் இருப்பது இந்த இரண்டாவதுதான். வீட்டுக்காரர்கள் கையை உதறிவிட்டு, தெருவில் போகிறவர்கள் கையைப் பிடித்துக்கொள்கிற கதை. அப்புறம் ஊர் ஊராகப் போக என்ன தடை?

நம்மைப் போன்ற கருந்தோலில் இந்தப் புற்று அரிது. வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலோ நகத்தடியிலோ வரும். யார் அங்கே பார்க்கிறார்கள்? சாயங்காலம் அம்மாவின் உள்ளங்காலைக் காட்டச் சொன்னேன். "உனக்கு என்னடா ஆச்சு" என்றார்.

கிளம்பும் முன் குடுவையை எட்டிப் பார்த்தபோது, எல்லாம் திரும்ப ஒட்டியிருந்தன. ஒன்றிரண்டு கால் நீட்டத் தொடங்கியிருந்தன.