பென்சிலால் எழுதிய பதில்

“உங்கட பாட்டெல்லாம் எங்களுக்கு வடிவாத் தெரியும். எங்கட பாட்டு ஒண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

கொழும்புக்குப் படிக்க வந்த ஆறாவது வாரத்தில், பல்கலைக்கழக நூலகத்தின் சஞ்சிகைப் பகுதியில் இருக்கும் பெரிய பதிவேட்டில், நான் நீல மையில் நிறைத்து வைத்திருந்த ஒரு பக்கத்தின் அடியில் யாரோ பென்சிலால் இந்த இரண்டு வரிகளை எழுதியிருந்தார்கள். வசை இல்லை, கேலியும் இல்லை, கேள்வி மட்டுந்தான். ஆனாலும் படித்த கணத்தில் முகம் சூடேறிவிட்டது. பதிவேட்டை மூடிவிட்டு, மாலை வகுப்புக்கும் போகாமல் வெள்ளவத்தையில் இருக்கும் என் அறைக்குத் திரும்பிவிட்டேன்.

அந்தப் பதிவேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாட்டின் பெயர், பாடியவர், எங்கே கேட்கலாம், ஏன் கேட்க வேண்டும் என்று நான்கு கட்டங்கள் அதில் உண்டு. மாணவர்கள் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுகிறார்கள். மாணவர் வானொலியை நடத்துகிறவர்கள் புதன்கிழமைதோறும் வந்து பக்கங்களைப் புரட்டி, ஐந்து பரிந்துரைகளைத் தேர்ந்து, வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒரு மணி நேரம் இணையத்தில் ஒலிபரப்புகிறார்கள். நூலகத்தின் மாடிப்படிக்குக் கீழே, சுவரெல்லாம் முட்டைத் தட்டுகளை ஒட்டிய சின்ன அறைதான் நிலையம். அவர்களுக்கு விதி ஒன்றே ஒன்று: நான்காவது கட்டம் காலியாக இருந்தால் பாட்டு எவ்வளவு நல்லதானாலும் ஒலிக்காது. காரணத்தை முதலில் வாசித்துவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்கள்.

நான்காவது கட்டத்தில்தான் நான் தவறு செய்திருந்தேன். இளையராஜாவின் பாட்டு ஒன்றைப் பரிந்துரைத்தேன், அதோடு நின்றிருக்கலாம். இளையராஜா 1976இல் ‘அன்னக்கிளி’ படத்தின் மூலம் திரையுலகுக்கு வந்தவர் என்று தொடங்கி, அவர் பண்ணைப்புரத்துக்காரர், நாட்டுப்புற மெட்டுகளைத் திரைக்குக் கொண்டுவந்தவர் என்றெல்லாம், அவரைக் கேள்விப்பட்டே இராதவர்களுக்குச் சொல்வதுபோல ஒரு பக்கம் விளக்கியிருந்தேன். பேருந்திலும் சலூனிலும் கல்யாண வீட்டிலும் அவருடைய பாட்டைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளிடம் போய் அப்படி எழுதினேன் என்பதை இப்போது நினைத்தாலும் மனம் கூசுகிறது.

இந்த நாட்டை வேற்று நாடு என்று நான் முதலில் எண்ணவே இல்லை என்பதும் ஒரு காரணம். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம். கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. இறங்கியதும் தென்னை, மழை, தமிழ்ப் பலகை எல்லாம் இருந்தன. முதல் வாரத்தில் ஊர் எது என்று கேட்டவர்களிடம் நாகர்கோவில் என்றேன். “எங்கட வடமராட்சி நாகர்கோவிலோ? அங்க ஆரின்ர வீடு?” என்று பருத்தித்துறைத் தோழி ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில் ஒரு நாகர்கோவில் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. அவளுக்கோ இன்னொரு நாகர்கோவில் இருப்பது நன்றாகத் தெரிந்திருந்தது. நான்தான் அங்கிருந்து வந்தவள் என்பதைத்தான் அவள் நம்பவில்லை. இருவரும் சிரித்தோம். அன்றைக்கு அந்தச் சிரிப்போடு விட்டுவிட்டேன், பென்சில் வரிகளைப் பார்த்த பிறகுதான் அது மறுபடி ஞாபகத்துக்கு வந்தது.

இலங்கை வானொலி எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. கோட்டாறு சந்தைக்குப் பக்கத்தில் தாத்தா தேநீர்க் கடை வைத்திருந்தார். அப்பா சிறுவனாக இருந்தபோது, பள்ளிக்கூடம் விட்டதும் கடையில் கிளாஸ் கழுவுவார். மேல்தட்டில், அழுக்குப் படாமல் துணி போர்த்தியபடி ஒரு மர்ஃபி வானொலிப் பெட்டி இருந்ததாம். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ தொடங்கும்போது தாத்தா துணியை விலக்குவார். அதுவரை வாய் ஓயாத கடை அடங்கிவிடும். அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரலைத் தாத்தா சொல்லிச் சொல்லி மாளமாட்டார். ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சியை அப்துல் ஹமீது நடத்துவதைக் கேட்டுவிட்டு, அப்பாவும் சித்தப்பாவும் அதே உச்சரிப்பில் பேசிப் பழகியிருக்கிறார்கள். ‘ழ’ சரியாக வராத பிள்ளையைச் “சிலோன் ரேடியோ கேளுல” என்று திட்டுவது எங்கள் தெருவில் வழக்கம்.

ஏன் அப்படி எல்லோரும் அந்த அலைவரிசைக்கு ஓடினார்கள் என்பதை இங்கே வந்து நூலகத்தில் தேடித்தான் தெரிந்துகொண்டேன். 1952இல் பி. வி. கேஸ்கர் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பிறகு, ஆகாசவாணி திரைப்பாடல்களை ஒதுக்கி வைத்தது. பாட்டுக் கேட்க விரும்பியவர்கள் கடலுக்கு இந்தப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது கூட்டுப் படைகளுக்காகக் கொழும்புக்கு அருகே எக்கலையில் நிறுவிய சக்தி வாய்ந்த ஒலிபரப்பி போருக்குப் பின் ரேடியோ சிலோனின் கைக்கு வந்திருந்தது. அதன் அலை இந்தியா முழுவதும் எட்டியது. ஆகாசவாணி 1957இல் விவித பாரதி என்ற பொழுதுபோக்குச் சேவையைத் தொடங்கியதற்கும் இதுதான் காரணம். கொழும்பில் 1925 டிசம்பரில் தொடங்கி, 1949இல் ரேடியோ சிலோன் ஆகி, 1972இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று பெயர் மாறிய அந்த நிலையத்தின் முன்னால், சுதந்திர சதுக்கத்துக்குப் பக்கத்தில், முதல் மாதத்திலேயே போய் நின்று படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பியிருந்தேன். தாத்தா இருந்திருந்தால் அந்த மதிலைத் தொட்டுப் பார்த்தேனா என்று கேட்டிருப்பார். தொட்டுப் பார்த்தேன்.

ஆக, இலங்கையை அறிந்தவள் என்ற எண்ணத்தோடுதான் வந்தேன். நான் அறிந்திருந்ததெல்லாம் எங்கள் பாட்டை எங்களுக்கே திருப்பித் தந்த குரல்களைத்தான் என்பது அந்தப் பென்சில் வரிகளைப் படித்த இரவில்தான் உறைத்தது. அன்றிரவே அப்பாவை அழைத்து, “சிலோன் ரேடியோவுல அவங்க ஊர்ப் பாட்டு போட்டா என்னப்பா செய்வீங்க?” என்று கேட்டேன். அப்பா சற்று யோசித்துவிட்டு, “வேற ஸ்டேஷன் திருப்புவோம், மக்ளே” என்றார். சொன்ன பிறகு நீண்ட நேரம் பேசவில்லை.

பென்சிலால் எழுதியது அந்தப் பருத்தித்துறைத் தோழிதான். மறுநாள் சிற்றுண்டிச்சாலையில் பிளேன்டீயை முன்னால் வைத்துக்கொண்டு அவளே சொன்னாள். “கோவமோ?” என்றாள். இல்லை என்றேன், ஒரு பாட்டாவது சொல்லித்தரும்படி கேட்டேன். அவள் மேசையில் தாளம் போட்டு முணுமுணுத்தாள். எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அது ‘சின்ன மாமியே’. கல்லூரிச் சுற்றுலாவில், திற்பரப்பு அருவிக்குப் போகும் பேருந்தில், தொண்டை கிழிய நாங்கள் பாடிய பாட்டு. அது யாருடைய பாட்டு என்று எங்களில் ஒருத்திகூடக் கேட்டதில்லை. ஏதோ பழைய நாட்டுப்புறப் பாட்டு என்றே நினைத்திருந்தோம். நித்தி கனகரத்தினம் என்ற ஈழத்துப் பாடகரின் பாட்டு அது, இங்கே பொப் இசை என்று சொல்லும் வகையின் முன்னோடிகளில் அவர் ஒருவர் என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். ‘சுராங்கனி’யாவது தெரியுமல்லவா என்றாள். தெரியும். ஏ. ஈ. மனோகரனை எங்கள் ஊரில் சிலோன் மனோகர் என்றுதான் சொல்வார்கள். 1977இல் அந்தப் பாட்டு ஒரு தமிழ்ப் படத்திலும் வந்தது. அவருடைய ஊர் அவர் பெயரிலேயே ஒட்டியிருந்தும், அந்த ஊருக்கென்று ஒரு பாட்டு மரபு இருக்கும் என்று எண்ணிப் பார்க்காமல் இருந்திருக்கிறோம்.

அதன் பிறகு அந்தப் பதிவேடுதான் எனக்குப் பாடப்புத்தகம். மட்டக்களப்பு மாணவன் ஒருவன் தங்கள் ஊர்க் கூத்தின் இரு வகைகளான வடமோடிக்கும் தென்மோடிக்கும் உள்ள வேறுபாட்டை நான்காவது கட்டம் போதாமல் ஓரத்திலெல்லாம் எழுதியிருந்தான். ஹட்டனிலிருந்து வந்த தங்கை ஒருத்தி தோட்டத்துப் பெண்களின் தாலாட்டைப் பரிந்துரைத்து, சி. வி. வேலுப்பிள்ளை மலையக மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்திருக்காவிட்டால் தன் பாட்டி பாடியதில் பாதியை இழந்திருப்போம் என்று எழுதியிருந்தாள். அந்தத் தாலாட்டு வானொலியில் ஒலித்தபோது அதில் வந்த ஊர்ப் பெயர்கள் எல்லாம் எங்கள் பக்கத்து ஊர்கள். அவளுடைய முன்னோர் அந்த ஊர்களை விட்டு வந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. பாட்டில் மட்டும் அவை இன்னும் இருந்தன. என்னுடைய ஆறு வார ஏக்கத்தை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

எல்லாவற்றிலும் என்னை ஆட்டிப்போட்டது ஒரு சிங்கள மாணவரின் பரிந்துரைதான். அது ஒரு மழை வெள்ளிக்கிழமை. நாங்கள் ஏழெட்டுப் பேர் நூலகப் படிகளில் ஒதுங்கி, ஒரு கைப்பேசியை நடுவில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம். அறிவிப்பாளர் சிங்களத்தில் காரணத்தை வாசித்தார். எனக்கு அப்போது சிங்களத்தில் நாற்பது சொற்களுக்கு மேல் தெரியாது. பேருந்திலும் கடையிலும் தேவைப்படுகிறவை மட்டும். ஆகவே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சின் நடுவில், சிங்கள உச்சரிப்பில், என் ஊரின் பெயர் கேட்டது. தவறாகக் கேட்டிருப்பேன் என்று நினைத்தேன். தோழி என் தோளைத் தட்டி, “உங்கட நாகர்கோவில்தான், எங்கடையில்ல” என்றாள்.

பாட்டு ஒரு பழைய சிங்களத் திரைப்படத்தினுடையது. இசையமைத்தவர் ஆர். முத்துசாமி. நாகர்கோவிலில் பிறந்து, இங்கே வந்து தங்கி, சிங்களப் படங்களுக்கும் இலங்கை வானொலியின் மெல்லிசைப் பாடல்களுக்கும் இசையமைத்தவர் அவர். தன் அம்மா சமைக்கும்போதெல்லாம் அந்தப் பாட்டைப் பாடுவார், அதை அமைத்தவர் தமிழர் என்பது நூலகத்தில் ஒரு கட்டுரையைப் படித்தபோதுதான் தெரிந்தது, ஆகவே எல்லோரும் கேட்க வேண்டும் என்று அந்த மாணவர் எழுதியிருந்தாராம். தோழி ஒவ்வொரு வரியாக எனக்குத் தமிழில் சொன்னாள். சொற்கள் எனக்கு விளங்கவில்லை. மெட்டு ஏறி இறங்கிய விதம் மட்டும் மார்கழிக் காலையில் வடிவீசுவரம் கோயில் பக்கமாகக் காற்றில் வரும் நாகஸ்வரத்தை நினைவூட்டியது. என் ஊரில் அவரைப் பற்றி ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. அவர் விட்டு வந்த ஊரின் பெயரை, அவர் வந்து சேர்ந்த நாட்டின் மொழியில் கேட்டுத்தான் அறிந்துகொண்டேன். மழை விட்ட பிறகும் படியை விட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை.

இப்போது கொழும்பு எனக்குப் பழகிவிட்டது. பேசுவதைக் கதைப்பது என்று சொல்கிறேன், கடையில் ரொட்டியைப் பாண் என்று கேட்டு வாங்குகிறேன், சிங்களச் சொற்கள் நாற்பதைத் தாண்டிவிட்டன. மாலையில் வெள்ளவத்தையில் ரயில் பாதையைக் கடந்து கடற்கரையில் உட்காரும்போது மட்டும், வடமேற்கே நேராகப் போனால் எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊரான முட்டம் வந்துவிடும் என்று தோன்றும். முட்டம் தோன்றினால் கருவாட்டுக் கூடையோடு பேருந்தில் ஏறும் பெண்கள், அவர்களுக்கு இடம் விட்டு எழுந்திருக்கும் தாத்தா, கடை, துணி போர்த்திய பெட்டி என்று வரிசையாக வந்து நிற்கும். விளக்கேற்றும் நேரம் வரை அப்படியே இருந்துவிடுவேன்.

சென்ற மாதம் பதிவேட்டில் இரண்டாவது முறையாக எழுதினேன். இம்முறை திரைப்பாட்டு இல்லை. எங்கள் ஊர்க் கோயில் கொடை விழாவில் அப்பா பதிவுசெய்து வைத்திருந்த வில்லுப்பாட்டு. நான்காவது கட்டத்தில் வில்லையும் வீசுகோலையும் குடத்தையும் உடுக்கையையும் பற்றி நான்கு வரி எழுதி, உங்கள் ஊரில் இது உண்டா, உண்டென்றால் எப்படிப் பாடுவார்கள் என்று கேட்டு நிறுத்திக்கொண்டேன். இரண்டு நாளில் பென்சிலில் பதில் வந்திருந்தது: “உண்டு. சின்னமணியின்ர வில்லிசையைக் கேக்க என்ர அப்பப்பா கோயில் கோயிலாச் சைக்கிள் உழக்கினவர்.”

அந்த வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியை அவளே தொகுத்தாள். என்னுடைய காரணத்தை வாசித்துவிட்டு, தன் அப்பப்பாவின் சைக்கிளையும், விடிய விடிய நடந்த வில்லிசையையும், கச்சான் கடை வெளிச்சத்தையும் பற்றி இரண்டு நிமிடம் பேசினாள். அதன் பிறகு எங்கள் ஊர் உடுக்கை முழங்கியது. முழுவதையும் பதிவுசெய்து அப்பாவுக்கு அனுப்பினேன்.

இரவு அப்பா அழைத்தார். பாட்டு எப்படி இருந்தது, கொடைச் சத்தம் தெளிவாகக் கேட்டதா என்றெல்லாம் நான் கேட்டுக்கொண்டே போனேன். அப்பா இடைமறித்தார்.

“பாட்டு கெடக்கட்டு, மக்ளே. அதுக்கு முன்னால பேசுன பிள்ளை ஆரு? அந்தப் பேச்ச மட்டும் இன்னொரு வட்டம் போடு.”