"எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்காதீர்கள்

இரத்தப் புற்றுநோயில் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரிடம் பேசுவதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. களப்பணி முடிந்துவிட்டது. இதே மாதிரி ஆய்வில் இறங்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராமல் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைக்கவே ஐந்து மாதம் ஆனது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி அந்தக் குழுவில் மருத்துவர்கள், சட்டம் தெரிந்தவரோடு, பொதுமக்கள் சார்பிலும் ஒருவர் இருக்க வேண்டும். எனக்கு உதவியது அவர்தான். "ஒப்புதல் படிவத்தை வாய்விட்டுப் படிம்மா" என்றார். 'மரணமடைந்த குழந்தையின் பாதுகாவலராகிய நான்' என்ற இடத்தில் எனக்கே குரல் எழும்பவில்லை. படிவம் முழுவதையும் பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து திரும்ப எழுதினேன்.

அப்படியும் முதல் வீட்டிலேயே தவறு செய்தேன். வயது, படிப்பு, தொழில், பிள்ளைகள் எத்தனை என்று மளமளவெனக் கேட்டுக்கொண்டே போனேன். "ரெண்டு" என்றார் அந்த அம்மா. வாசலில் விளையாடிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். "இப்ப எப்படிச் சொல்லணும்னு தெரியலம்மா. ரேஷன் கார்டுல அவன் பேரை எடுத்துட்டாங்க" என்றார். பேனாவை மூடிவைத்துவிட்டேன். அந்தக் கேள்வியை அன்றோடு விட்டேன். அடுத்த வீட்டிலிருந்து, "தம்பியைப் பத்திச் சொல்லுங்க" என்றுதான் ஆரம்பித்தேன்.

அன்று அந்த முதல் வீட்டு அம்மா பீரோ மேலிருந்து ஒரு துணிப்பையை இறக்கினார். உள்ளே ஃபைல், ஸ்கூல் ஐடி கார்டு, நாற்பது பக்க நோட்டு ஒன்று. இந்த நோயில் பிள்ளைகளுக்கு அதிகம் வரும் வகைக்கு வைத்தியம் இரண்டு, மூன்று வருடம் ஓடும். வின்கிரிஸ்டின், மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்துகள், முதுகில் போடும் ஊசி என்று அம்மாக்களுக்கு எல்லாம் மனப்பாடம். அந்த நோட்டில் தேதிவாரியாக ரத்த அணுக்களின் கவுண்ட், பிளேட்லெட், காய்ச்சல் எல்லாம் எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில் தேதி மட்டும் இருந்தது.

அப்பாக்கள் வீட்டுக்குள் பேசுவதில்லை. பஸ் ஏற்றிவிட வரும்போது, நிறுத்தத்தில் நின்றபடி பேசுவார்கள். பஸ்ஸை விட்டுவிடுங்கள், அடுத்தது வரும்.

சின்னப் பிள்ளை என்பதால் புதைத்துவிட்டார்கள், திதி கொடுக்கும் வழக்கமும் இல்லை என்று பல வீடுகளில் சொன்னார்கள். "அவனுக்குன்னு ஒரு நாள் இல்லம்மா" என்று ஒருவர் சொன்னதைத் தட்டச்சு செய்ய எனக்கு இரண்டு நாள் ஆனது. ஒரு நாளைக்கு ஒரு பேட்டிக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். எழுத்தாக்கும்போது பக்கத்தில் யாராவது இருக்கட்டும்.

எல்லாம் முடிந்தபின் முதல் வீட்டு அம்மா போன் செய்தார். "அவன் பேரை மாத்திடுவீங்களாமே? அச்சுல வரும்னு நெனச்சேன்." அடையாளம் தெரியக்கூடாது என்பது நிபந்தனை. படிவத்தில் இருந்தது, நான்தான் விளக்கிச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டேன். வேறு பெயரை நீங்களே சொல்லுங்கள் என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "வயித்துல இருக்கும்போது நான் ஒரு பேர் வெச்சிருந்தேன். இவங்க வீட்ல வேண்டான்னுட்டாங்க. அதைப் போடுங்க" என்றார்.

ஆய்வேட்டில் அந்தப் பெயர்தான் இருக்கிறது.